டிக்கெட் அண்ணாச்சி பதில்கள்: ஆகாயத்தில் ஒரு மணி, வாசலுக்கு வாசல் ஐந்து மணி

வண்ணார்பேட்டையில் வெகுகாலம் டிக்கெட் புக்கிங் கடை நடத்திய அண்ணாச்சி, வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் நேரமும்.

அண்ணாச்சி, திருநெல்வேலி – சென்னை ரயிலில் 650 கிலோமீட்டர் என்கிறார்கள். விமானத்துக்கு 530தான் என்று பேரன் போனில் காட்டுகிறான். எது சரி? 530 என்றால், மணிக்கு 500 கிலோமீட்டர் ஓடுகிற விமானத்துக்கு டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணி நேரம் போடுகிறார்கள்?
– வாசகர், பாளையங்கோட்டை

இரண்டும் சரிதான். ரயில் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை என்று ஊர் ஊராக எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. விமானத்துக்கு அந்த வேலை இல்லை. பேரன் போனில் பார்த்ததை நீங்கள் பேப்பரில் போட்டே பார்க்கலாம். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

சென்னை விமான நிலையம் 12.99 டிகிரி வடக்கு, 80.18 டிகிரி கிழக்கு. நம் பக்கத்துத் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளம் 8.72 வடக்கு, 78.03 கிழக்கு. வடக்கு தெற்காக வித்தியாசம் 4.27 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று வைத்தால் 474. கிழக்கு மேற்காக 2.15 டிகிரி. நம் பக்கத்தில் அந்த டிகிரிக்கு 109 கிலோமீட்டர்தான் வரும், ஆக 234. இரண்டையும் வர்க்கம் போட்டுக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 529 வரும். பேரன் சொன்னது சரி.

நேரம் இன்னொரு கணக்கு. டிக்கெட்டில் இருக்கிற கிளம்பும் நேரம் சக்கரம் தரையை விடுகிற நேரம் இல்லை. கதவைச் சாத்தி, நின்ற இடத்திலிருந்து விமானம் நகர ஆரம்பிக்கும் நேரம். சேரும் நேரம் என்பதும் இறங்கி ஊர்ந்து வந்து நிற்கிற நேரம். சென்னையில் ஓடுபாதைக்குப் போகவே பத்து நிமிடம் ஆகலாம். முன்னால் நாலு விமானம் வரிசையில் நின்றால் இன்னும் கூடும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும் என்பதால், சில நாள் ஊரைத் தாண்டிப் போய் வளைந்து வர வேண்டியிருக்கும். அதற்கு மேல், தாமதம் ஆனாலும் சொன்ன நேரத்துக்கு வந்த கணக்கு காட்ட விமான நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டு வைப்பார்கள். "இருபது நிமிடம் முன்னாடியே வந்துட்டோம்" என்று விமானத்தில் அறிவிப்பு வரும்போது நம்மாட்கள் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள். அது முதலிலேயே கூட்டிப் போட்ட இருபது நிமிடம்.

வாகைக்குளத்தில் ஓடுபாதையைப் பெரிதாக்கிவிட்டார்களே. இனி பெரிய விமானம் வந்தால் சென்னைக்கு அரை மணியில் போய்விடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

முடியாது தம்பி. 1992இல் திறந்த நிலையம் அது. ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்தது. அதனால் இறக்கையில் விசிறி சுற்றுகிற ஏ.டி.ஆர். விமானத்தோடு நம் கதை நின்றது. இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலை 26 அன்று பிரதமர் புது முனையத்தையும் திறந்து வைத்தார். ஏர்பஸ் ஏ320 தாராளமாக இறங்கலாம்.

ஏ.டி.ஆர். மணிக்கு 500 கிலோமீட்டர் சுமாருக்குப் போகும். ஜெட் 830 வரை. ஆனால் அந்த 830ஐத் தொட ஜெட் 35,000 அடி ஏற வேண்டும். ஏறி முடித்துக் காப்பி கொடுப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். 530 கிலோமீட்டரில் மிஞ்சிப் போனால் கால் மணி, இருபது நிமிடம் மிச்சம். பெரிய ஓடுபாதையால் நமக்கு வருகிற லாபம் வேகத்தில் இல்லை. சீட்டு கூடும், தூரத்து ஊர்களுக்கு நேராக விமானம் விட வழி பிறக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

அண்ணாச்சி, நான் மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறேன். ஊர் வள்ளியூர் பக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் சுடலை கோயில் கொடை. மதியம் வரை ஆபீஸ் இருக்கிறது. நள்ளிரவுச் சாமக்கொடைக்கு வந்து சேர விமானம் நல்லதா, வந்தே பாரத் ரயில் நல்லதா?
– வாசகர், தாம்பரம்

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். கொடைக்கு வரணும் என்று நினைக்கிறவனுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது புண்ணியம்.

முதலில் விமானம். தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் பக்கம்தான், ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜி.எஸ்.டி. ரோட்டை நம்பாமல் முக்கால் மணி வையுங்கள். உள்நாட்டு விமானத்துக்குக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பெட்டி போடும் கவுண்டரை மூடிவிடுவது வழக்கம். அதனால் ஒன்றரை மணி முன்னால் உள்ளே இருக்கணும். டிக்கெட்டில் ஒன்றரை மணி. இறங்கிப் பெட்டி வர இருபது நிமிடம். வாகைக்குளத்திலிருந்து பாளைக்கு முக்கால் மணிக்குள் வரலாம், ஆனால் உங்களுக்கு வள்ளியூர் போகணும். கார் சொல்லி வைத்திருந்தால் ஒன்றே கால் மணி. கூட்டினால் ஐந்தே கால் மணிக்கும் மேல். இதில் விமானம் ஆகாயத்தில் இருக்கிற நேரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடத்தான். பாக்கியெல்லாம் ரோட்டிலும் வரிசையிலும் போகிறது. கார் சொல்லி வைக்காமல் இறங்கினால் மெயின் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்குக் கை காட்டி, பாளை வந்து, புது பஸ் ஸ்டாண்டுக்கு மாறி, நாகர்கோவில் பஸ் ஏறி… சாமக்கொடை முடிந்து ஆள் கலைகிற நேரத்துக்கு வருவீர்கள்.

வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கியபோது எழும்பூர் – திருநெல்வேலிக்கு 7 மணி 50 நிமிடம் என்று அறிவித்தார்கள். மதியத்துக்கு மேல் கிளம்பி இரவு பதினொன்றுக்கு முன்னால் ஜங்ஷனில் விட்டுவிடும். தாம்பரத்தில் நிற்கும் என்பது உங்களுக்குச் சௌகரியம். அங்கிருந்து வள்ளியூருக்கு ஒரு மணி நேரம். வாசலுக்கு வாசல் ஒன்பது மணி நேரம் ஆனாலும், பன்னிரண்டுக்குள் கோயில் முன்னால் நிற்கலாம். செவ்வாய்க்கிழமை அந்த வண்டிக்கு ஓய்வு. செவ்வாய்க் கொடைக்காரர்கள் வேறு வழி பார்க்கணும்.

ஒரு நாள் முன்னால் லீவு கிடைக்குமானால் இரண்டையும் விடுங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சாயங்காலம் தாம்பரத்தில் ஏறிப் படுத்தால் காலையில் வள்ளியூரிலேயே இறங்கலாம். பன்னிரண்டு மணி நேரம் என்று பயப்படாதீர்கள். தூங்குகிற நேரம் எப்படியும் தூங்கத்தான் போகிறீர்கள்.

மகன் துபாயில் இருக்கிறான். திருவனந்தபுரத்தில் ஏறினால் டிக்கெட்டுப்படி இரண்டே முக்கால் மணி நேரத்தில் போய்விடுகிறான். திரும்பி வரும்போது அதே தூரத்துக்கு ஐந்தரை மணி நேரம் போல் காட்டுகிறது. இறங்கும்போது மெதுவாக வருமா? இன்னொன்று, எங்கள் ஊருக்குத் திருவனந்தபுரம் பக்கமா, மதுரை பக்கமா?
– ஒரு தாய், கடையநல்லூர்

அம்மா, விமானம் மெதுவாக வரவில்லை, கடிகாரம்தான் மாறுகிறது. துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். காலை பத்து மணிக்குக் கிளம்பி நாலே கால் மணி நேரம் பறந்தால் நமக்கு மணி இரண்டே கால். துபாயில் அப்போது பன்னிரண்டே முக்கால். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். வரும்போது அந்த ஒன்றரை மணி இந்தப் பக்கம் கூடிவிடும். உண்மையில் போக நாலு, நாலே கால் மணி. வர நாலு மணிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த இருபது நிமிட வித்தியாசம் காற்றால் வருவது. குளிர்காலத்தில் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓங்கிக் காற்று ஓடும். வருகிற விமானத்தைத் தள்ளிவிடும், போகிற விமானத்தை மறிக்கும்.

இதைவிட முக்கியம், ராத்திரி தேதி. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 14ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு, மாலை போட்டு வழியனுப்ப ஊரையே வேனில் கூட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். என்னிடம் டிக்கெட் எடுத்தால் அந்தத் தேதிக்கு மேல் சிவப்பு மையில் "முந்தின நாள் ராத்திரி" என்று எழுதிக் கொடுப்பேன். இப்போது டிக்கெட் எல்லாம் போனில் வருகிறது, யார் எழுதுவார்? நீங்களே வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

இனி எந்த ஊர் பக்கம் என்பது. வரைபடத்தில் அளந்து பார்த்தால் திருவனந்தபுரம் – துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். மதுரை – துபாயும் அதே 2,950 சுமார்தான்! ஆகாயத்தில் இரண்டும் ஒன்று. ஆகவே தரையைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும்.

கடையநல்லூரிலிருந்து திருவனந்தபுரம் தூரம் குறைவு. தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு கணவாய் ஏறி, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு. ஆனால் மலைப்பாதை, வளைவு. புளியரை சோதனைச் சாவடியில் கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற லாரி வரிசை நின்றால் நேரம் சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ராத்திரிப் பயணம் வேண்டவே வேண்டாம். மதுரைக்கு ராஜபாளையம், திருமங்கலம் வழி கிலோமீட்டர் கூட, ஆனால் சமதரை. வாந்தி எடுக்கிற பிள்ளைகள் கூட இருந்தால் மதுரைக்கே என் ஓட்டு. டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால்தான் திருவனந்தபுரம். அங்கே விமானங்கள் அதிகம், பல நாள் விலையும் இறங்கியிருக்கும்.

திருவனந்தபுரம் போனால் டிரைவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அந்த நிலையத்துக்கு இரண்டு முனையம், ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வெளிநாட்டு விமானம் சாக்கா பக்கம் இருக்கிற இரண்டாம் முனையம். சங்குமுகம் கடற்கரைப் பக்கம் போய் இறங்கிவிட்டால், எதிரே விமானம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

வாகைக்குளத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நேர்கோட்டில் எவ்வளவு? ஏன் விமானம் விடக்கூடாது?
– வாசகர், களக்காடு

125 கிலோமீட்டர். நடுவில் உங்கள் ஊர் மலைதான். அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரம். ரோடு அதை ஏற முடியாமல் தெற்கே ஆரல்வாய்மொழி வரை இறங்கி, நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று சுற்றுவதால் காரில் நாலு மணி நேரம் ஆகிறது. விமானம் விட்டால் அரை மணிக்குள் தாண்டும். ஆனால் ஒன்றரை மணி முன்னால் போகணும், பெட்டிக்குக் காத்திருக்கணும். கூட்டினால் மிச்சம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. மதுரை – வாகைக்குளமும் இதே கதைதான், நேராக 123 கிலோமீட்டர், அங்கே ரோடும் நன்றாக இருக்கிறது. யார் காசு கொடுத்து ஏறுவார்?

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விமானம் வருமா? தாத்தா காலத்தில் கப்பலில் போய் வந்ததாகச் சொல்கிறார்கள்.
– வாசகி, திசையன்விளை

வாகைக்குளத்திலிருந்து திருச்சி நேராக 240 கிலோமீட்டர். கொழும்பு விமான நிலையம் 265. ஏறக்குறைய ஒரே தூரம் என்றால் நம்புவீர்களா? தாத்தா சொன்னது உண்மை. 1914இல் பாம்பன் பாலம் வந்து தனுஷ்கோடி வழி ரயில் ஓடும்வரை, இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி. 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றது இந்தத் தூத்துக்குடி – கொழும்பு வழியில்தான். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். 2011இல் மறுபடி ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள். சில மாதத்தில் நின்றுபோனது.

விமானத்துக்கு இப்போதைக்கு மதுரை போய்த்தான் ஏற வேண்டும். வாகைக்குளத்திலிருந்து விட்டால் ஏ.டி.ஆர். விமானமே முக்கால் மணிக்குள் கடலைத் தாண்டிவிடும். அதற்கு முதலில் குடியுரிமை, சுங்கம் எல்லாம் இங்கே வரணும். கட்டடம் வந்துவிட்டது. அதையும் கேட்டுக்கொண்டே இருப்போம்.

மகள் பார்சிலோனாவில் இருக்கிறாள். மலிவாக இருக்கிறதென்று எடுத்த டிக்கெட்டில் லண்டன் ஹீத்ரூவில் இறங்கி, கேட்விக் என்ற இடத்தில் அடுத்த விமானம் ஏற வேண்டுமாம். நடுவில் நாலு மணி நேரம் இருக்கிறது. போதுமா அண்ணாச்சி? நாங்கள் இருவரும் ரிட்டயர்டு.
– வாசகர், பாளையங்கோட்டை, மகாராஜநகர்

போதாது. கேன்சல் பண்ணுங்கள், காசு போனாலும் பரவாயில்லை.

ஹீத்ரூவும் கேட்விக்கும் ஒரே கட்டடத்தின் இரண்டு வாசல் இல்லை. நேர்கோட்டில் 40 கிலோமீட்டர், ரோட்டில் 65க்கும் மேல். இறங்கிக் குடியுரிமை வரிசை, பெட்டி எடுப்பு, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கும் மேல், மறுபடி பெட்டி போட்டுப் பாதுகாப்புச் சோதனை. நாலு மணி நேரத்தை இதுவே தின்றுவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நீங்கள் நாட்டுக்குள் நுழைய வேண்டும். அதற்குப் பிரிட்டன் விசா வேண்டும். உங்களிடம் இருப்பது ஸ்பெயினுக்கான ஷெங்கன் விசா, அது செல்லாது. நம்மூரிலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

இந்தியாவிலும் இதே கூத்து நடக்கிறது. கோவாவில் 2023 முதல் இரண்டு நிலையம், வடக்கே மோபா, தெற்கே பழைய டபோலிம். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துப் போக ஒன்றும் வர ஒன்றுமாக எடுத்துவிடுகிறார்கள். புதுத் தம்பதிகள்தான் அதிகம். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்றெழுத்தையும் படியுங்கள். தூத்துக்குடிக்கு டி.சி.ஆர்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி.

அமெரிக்கா போகும் விமானம் வரைபடத்தில் ஏன் வில் மாதிரி வளைந்து வடக்கே போகிறது? நேராகப் போனால் தூரம் குறையாதா?
– பள்ளி மாணவி, சங்கரன்கோவில்

பள்ளிக்கூடத்தில் பூமி உருண்டை இருக்கும். ஒரு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனை, நியூயார்க்கில் ஒரு முனை வைத்து இழுத்துப் பிடித்துப் பார். நூல் அரபிக்கடல் பக்கம் போகாது. வடக்கே ஏறி, 68 டிகிரி வரை போய், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி இறங்கும். அதுதான் குறைந்த வழி, சுமார் 13,500 கிலோமீட்டர். தட்டைக் காகிதத்தில் நேராகத் தெரிகிற கோடு உருண்டையில் சுற்றுவழி. டீச்சரிடம் கேட்டு வகுப்பிலேயே செய்து காட்டு. நூல் நழுவினால் முனைகளில் செல்லோடேப் ஒட்டிக்கொள்.

பங்குனி மாதம் திருவனந்தபுரத்தில் சாயங்கால விமானம். அன்றைக்கு விமான நிலையத்தை மூடுவார்களாமே, உண்மையா?
– வாசகர், நாங்குநேரி

உண்மைதான். பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். பங்குனியில் ஒரு நாள், ஐப்பசியில் ஒரு நாள், மாலையில் சில மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. சாமி போய்த் தீர்த்தமாடித் திரும்பிய பிறகுதான் மறுபடி ஆரம்பிப்பார்கள். தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால் விமான நிறுவனமே நேரத்தை மாற்றிப் போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். உங்கள் டிக்கெட்டில் டிராவல்ஸ்காரர் நம்பர் இருக்கிறதா, உங்கள் நம்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அவர் நம்பர் என்றால் செய்தி அவருக்குத்தான் போகும், அவர் அன்றைக்குக் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருப்பார்.